பழைய காருக்கு எந்த இதயம்?

டீசலுக்கு மாறிய அமெரிக்க கார்கள், புது எஞ்சின் ஏறிய அம்பாசடர்கள், இங்கிலாந்து எஞ்சினுக்கு ஆசைப்படும் ஹெரால்டுகள். ஐம்பது வயது தாண்டிய வாகனங்களுக்கான 2021-ம் ஆண்டு விதிகள் வந்த பிறகு, பெங்களூரின் பழைய கார் பிரியர்கள் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எது அசல்?

வெளிப்பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பம்பரில் குரோமியம் பளபளக்கிறது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுவது போன்ற கனத்த ஓசை. நம்பர் பிளேட்டில் பழைய மைசூர் மாநிலத்தின் 'எம்.ஒய்.' எழுத்துகள். பானெட்டைத் தூக்கினால்தான் சங்கதி வெளிப்படுகிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நீளவாக்கில் படுத்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று குந்தியிருக்கிறது. அதன் பூர்வீகம் வேனாக இருக்கலாம், டிராக்டராகவும் இருக்கலாம். பெங்களூரில் மட்டுமல்ல, சென்னை, மும்பை, கொல்கத்தா என்று எங்கு போனாலும் 1940, 50-களின் அமெரிக்க கார் வாங்கப் போகிறவர்கள் சந்திக்கும் காட்சி இது.

தகரம் தட்டுவது, பெயின்ட் அடிப்பது, இருக்கைகளுக்கு உறை தைப்பது எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் நடந்துவிடும். எந்த எஞ்சினைப் பொருத்துவது என்ற முடிவுதான் காரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அதன் விலை, சட்ட அந்தஸ்து, கண்காட்சியில் கிடைக்கும் மரியாதை ஆகிய மூன்றும் எஞ்சின் பிளாக்கின் மேல் பொறித்திருக்கும் சில எழுத்துகளிலும் எண்களிலும் அடங்கியிருக்கின்றன.

எண்ணெய் செய்த வேலை

இந்தியச் சாலைகளில் பெரிய அமெரிக்க கார்கள் ஓடிய காலம் ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் செவ்ரோலே கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. சுதந்திரத்தையொட்டி வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. பாகங்களை இங்கேயே தயாரிக்கும் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று 1950-களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுத்ததும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. உதிரிப் பாகங்களின் வரத்து வற்றியது.

அடுத்த அடி 1973 அக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் யுத்தம். சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. மூன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்த கார், சொந்தக்காரருக்கு வீட்டு வாசலில் கட்டிய யானையாகிவிட்டது. அப்போது கை கொடுத்தவை டீசல் எஞ்சின்கள். சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சின்கள், பிறகு மாட்டடார் வேனின் எஞ்சின், ஜீப்புக்கு வந்த பியூஜோ வகை எஞ்சின் என்று கிடைத்ததையெல்லாம் மெக்கானிக்குகள் பொருத்தினார்கள். அந்தக் கைவேலை இல்லாவிட்டால் இந்த கார்களில் பெரும்பாலானவை அன்றே இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஆனால் கழற்றிய பெட்ரோல் எஞ்சினை யாரும் பத்திரப்படுத்தவில்லை. அது எடைக்குப் போட்ட இரும்பானது. இன்று அதைத்தான் தேடுகிறார்கள்.

தேடலுக்கு அவசரம் கூட்டியது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகள். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' அந்தஸ்து கோரலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு, புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். எல்லாவற்றையும் விட முக்கியமான நிபந்தனை: வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும், ஷாஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. வேன் எஞ்சினோடு ஓடும் பிளிமத் இந்த வாசலில்தான் மாட்டிக்கொள்கிறது.

மூன்று வகை அசல்

அசல் என்ற சொல் கேட்க எளிமையானது. பட்டறையில் அதற்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. முதலாவது, தொழிற்சாலையில் அந்தக் காரோடு பிறந்த அதே எஞ்சின். காரின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் பதிவேட்டோடு ஒத்துப்போகும். இரண்டாவது, அதே எஞ்சின் அல்ல. ஆனால் அதே மாடலுக்காக, அதே காலத்தில் வார்த்தது. மூன்றாவது, அதே குடும்பத்தைச் சேர்ந்த பிந்தைய கால எஞ்சின். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்; பிறந்த தேதி மட்டும் பொருந்தாது.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டு, எது மூலபாடம், எது பாடபேதம், எது இடைச்செருகல் என்று பிரித்தார்கள். மூல ஏடு கிடைக்காதபோது மூலத்துக்கு மிக நெருங்கிய ஏட்டை நம்பினார்கள். பிறந்த எஞ்சின் கிடைக்காத கார்க்காரர் செய்ய வேண்டியதும் அதேதான். அதாவது, இரண்டாவது வகை எஞ்சின்.

இந்தக் கலையை நுணுக்கமாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1964-ல் வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.-வோடு அங்கே 'மசில் கார்' யுகம் பிறந்தது என்பார்கள். நடுத்தர அளவு காருக்குள் 389 கன அங்குல வி-8 எஞ்சின். இந்த ரக கார்களில் மதிப்பே எஞ்சின்தான். பாடி ஒன்றாக இருந்தாலும், சாதாரண எஞ்சின் வைத்ததற்கும் உயர்சக்தி எஞ்சின் வைத்ததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எனவே பிளாக்கைப் படிப்பது அங்கே தனிப் படிப்பாகவே ஆகிவிட்டது.

வார்ப்பில் எழுதிய ஜாதகம்

எஞ்சின் பிளாக்கில் இரண்டு விதமான எழுத்துகள் உண்டு. ஒன்று, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போதே புடைப்பாக வருவது. இது வார்ப்பு எண்; எந்த வடிவமைப்பு என்று சொல்லும். மற்றது, எஞ்சினைப் பூட்டிய பிறகு சுத்தியலால் அடித்துப் பொறிப்பது. எந்தத் தொழிற்சாலை, என்றைக்கு, எந்த வண்டிக்கு என்று இது சொல்லும்.

செவ்ரோலேயின் சிறிய வி-8 எஞ்சின் நல்ல உதாரணம். பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்புத் தேதி இருக்கும். முதல் எழுத்து மாதம்: ஜனவரிக்கு 'ஏ' தொடங்கி டிசம்பருக்கு 'எல்' வரை. அடுத்து தேதி. கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம் மட்டும். 'பி 14 7' என்றிருந்தால் பிப்ரவரி 14. ஆண்டு 1967 ஆகலாம், 57, 77 கூட ஆகலாம். வார்ப்பு எண்ணைச் சேர்த்துப் படித்தால்தான் விடை கிடைக்கும். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வார்ப்பு எண் கொண்ட பிளாக்கைப் பல ஆண்டுகள், காருக்கும் லாரிக்கும் பயன்படுத்தினார்கள். 1969 முதல் வெகுகாலம் வந்த 3970010 என்ற பிளாக் அப்படிப்பட்டது. எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் லாரி எஞ்சினோடு வீடு திரும்ப நேரிடும்.

இதில் ஒரு பொது விதி உண்டு. எந்த நாட்டு காருக்கும் இது பொருந்தும். பிளாக் வார்த்த தேதி, கார் பூட்டிய தேதிக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முன்னதாக இருக்க வேண்டும். கார் தொழிற்சாலையை விட்டுப் போன பிறகு வார்த்த பிளாக், தாய்க்கு முன் பிறந்த பிள்ளையைப் போலச் சாத்தியமில்லாதது.

பெங்களூரில் கிடைக்கும் டாட்ஜ், பிளிமத் கார்களுக்கு இந்தப் படிப்பு இன்னும் அவசியம். கிரைஸ்லர் கம்பெனியின் ஆறு சிலிண்டர் 'சைடு வால்வ்' எஞ்சின்களில் இரண்டு நீளங்கள் உண்டு. அமெரிக்காவின் டாட்ஜ், பிளிமத்துக்கு வந்தது குட்டை. தலைப்பாகம் சுமார் 23 அங்குலம். டிசோட்டோ, கிரைஸ்லர் கார்களுக்கும் கனடாவில் தயாரான டாட்ஜ், பிளிமத்துக்கும் வந்தது சுமார் 25 அங்குலம். படத்தில் இரண்டும் ஒன்றே போலிருக்கும். நீளமானதை வாங்கிவந்து குட்டையின் இடத்தில் உட்கார வைக்கப் போனால் ரேடியேட்டர் இடிக்கும். எஞ்சின் எண்ணின் முன்னெழுத்தும் கையிலிருக்கும் அளவு டேப்பும்தான் இங்கே துணை. பிளாக்கின் இடது முன்பக்கம் பொறித்த எண் 'பி15' என்று தொடங்கினால் அது 1940-களின் பிற்பகுதி பிளிமத்துக்கு உரியது.

செவ்ரோலே ஆறு சிலிண்டர் கார் வைத்திருப்பவர்களின் தர்மசங்கடம் வேறு மாதிரி. 1953 வரை வந்த 216 கன அங்குல எஞ்சினில் கனெக்டிங் ராடின் பேரிங்கை ஈயக் கலவையை உருக்கி ஊற்றித்தான் செய்ய வேண்டும். ஆயில் பம்ப் அழுத்தத்தில் ராடுக்குப் போகாது, தெறித்துப் போய்ச் சேரும். அப்படி ஊற்றிக் கடையத் தெரிந்த கைகள் அருகிவருகின்றன. பின்னால் வந்த 235 கன அங்குல எஞ்சினில் கழற்றி மாட்டும் பேரிங், முழு ஆயில் அழுத்தம் என்று எல்லாம் சௌகரியம். அதே இடத்தில் பொருந்தும், பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றே. நெடுஞ்சாலையில் ஓட்ட நினைப்பவருக்கு 235 தான் புத்திசாலித்தனம். 1948-ம் ஆண்டு கார் என்று பலகை வைத்துக் காட்ட நினைப்பவருக்கு அது பொய்.

இங்கிலாந்துப் புத்தகம் உதவாது

இந்தியாவில் தயாரான கார்களுக்கு வெளிநாட்டுக் கையேடுகளை நம்பினால் வேறொரு குழி காத்திருக்கிறது. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி.-யில் தொடங்கி 1147, பிறகு 1296 என்று வளர்ந்தது. இந்திய ஹெரால்டு கடைசி வரை 948-லேயே நின்றது. 1968-ம் ஆண்டு சென்னை ஹெரால்டுக்கு, அதே ஆண்டின் இங்கிலாந்து எஞ்சினைக் கப்பலில் வரவழைத்துப் பொருத்தினால் காலம் பொருந்தும், கார் பொருந்தாது.

ஃபியட்டின் கதையும் இதுதான். இத்தாலியில் '1100 டி' மாடலுக்கு 1221 சி.சி. எஞ்சின். குர்லாவில் தயாராகி, நாடு முழுவதும் ஓடி, பிறகு பத்மினி என்று பெயர் பெற்ற காருக்கோ 1089 சி.சி. ஒரே உருவம், வேறு இதயம்.

அம்பாசடரின் சிக்கல் நேர் எதிரானது. 1957-ல் வந்த கார் 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை உருவத்தில் பெரிதாக மாறவில்லை. எஞ்சின்களோ மாறிக்கொண்டே இருந்தன. தொடக்கத்தில் 1476 சி.சி. சைடு வால்வ், 1959 முதல் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வ், பிறகு டீசல், 1990-களில் 1.8 லிட்டர் இசுஸூ. 1960-களின் அம்பாசடரில் இசுஸூ எஞ்சினை இறக்குவது பட்டறைக்காரருக்குப் பெரிய வித்தையல்ல. பானெட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. எனவேதான் பழைய அம்பாசடர் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் எஞ்சின் எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவின் மசில் கார் என்று இளைஞர்கள் செல்லமாக அழைக்கும் காண்டெஸாவின் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1984-ல் இங்கிலாந்தின் வாக்ஸால் உருவத்தோடு வந்த அந்த நீண்ட காருக்கு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொடுத்தது அம்பாசடரின் அதே 1489 சி.சி. எஞ்சின். பயில்வானுக்குப் பச்சிளங் குழந்தையின் இதயம். சில ஆண்டுகளில் 1.8 லிட்டர் இசுஸூ வந்த பிறகுதான் கார் நிமிர்ந்தது. தொடக்கக் கால காண்டெஸாவை மீட்டெடுப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? வரலாறு கேட்பது பலவீனமான எஞ்சினை. மனம் கேட்பது பலமானதை. முதல் காண்டெஸாக்களுக்கு 50 வயது ஆகப்போவது 2034-ல். அன்றைக்கு விண்டேஜ் பதிவு கோருகிறவர்களுக்கு இன்றைய தேர்வு நினைவுக்கு வரும்.

காயமா, வரலாறா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது. 1974-ல் பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் பொருத்தி, அதன்பின் நாற்பது ஆண்டு அதோடு ஓடிய டாட்ஜின் 'அசல்' எது? இருபது ஆண்டு இருந்த பெட்ரோல் எஞ்சினா, நாற்பது ஆண்டு உழைத்த டீசலா?

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபீவா 1966-ல் தோன்றியது. அது ஏற்ற டூரின் சாசனம், வாகனம் வழக்கமான உபயோகத்தில் இருந்த காலத்தில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி என்று கருதுகிறது. புதிதாகப் பளபளக்க வைப்பதை விட, இருப்பதைக் காப்பாற்றுவதும், செய்யும் எந்த மாற்றத்தையும் திரும்ப மாற்றக்கூடியதாகச் செய்வதும் நல்லது என்பது அதன் அணுகுமுறை. அந்தக் கண்ணால் பார்த்தால், செம்பியத்து டீசல் எஞ்சின் இந்தியாவின் பஞ்ச காலப் பொருளாதாரத்தின் ஆவணம். இந்திய விதியின் கண்ணுக்கோ அது எஞ்சின் மாறுதல், பதிவுக்குத் தடை.

இரண்டு பார்வைக்கும் இடையே வழி இல்லாமல் இல்லை. டீசலை எடுத்துவிட்டு காலத்துக்குப் பொருந்தும் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்துகிறவர், எடுத்ததை எடைக்குப் போடாமல், அதன் எண், பொருத்தியிருந்த விதம், ஆர்.சி. புத்தகத்தின் பழைய பதிவு ஆகியவற்றைப் படமெடுத்து காரின் கோப்பில் சேர்த்துவிடலாம். பெட்ரோல் எஞ்சினை வீசியெறிந்த தலைமுறையின் தவறு மறுபடி நடக்காது. கிடைத்த எஞ்சின் பிறந்த எஞ்சின் அல்ல, அதே காலத்தைச் சேர்ந்தது என்று எழுதி வைத்துவிட்டால் அடுத்து வாங்குபவரும் ஏமாற மாட்டார்.

குஜரியில் கவனம்

டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜரிக் கடைகள், சென்னையின் புதுப்பேட்டை, டெல்லியின் மாயாபுரி என்று தேடல் எங்கு நடந்தாலும் எச்சரிக்கை ஒன்றுதான். எண் இல்லாத பிளாக்கையும், எண்ணைச் சுற்றிய பகுதி மட்டும் மழமழவென்று இருக்கும் பிளாக்கையும் தொடக் கூடாது. தொழிற்சாலையில் மேற்பரப்பைச் சீவிய இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். தேய்த்து அழித்து வேறு எண் அடித்திருந்தால் அந்தக் கோடுகள் இருக்காது. திருட்டு வாகன விசாரணையில் போலீஸ் முதலில் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். எனவே ரசீது இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் விலை அதிகம்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, இரும்பும் சரியாக இருக்க வேண்டும். சைடு வால்வ் எஞ்சின்களில் வால்வ் சீட்டிலிருந்து சிலிண்டர் வரை மயிரிழைபோல் விரிசல் ஓடியிருக்கும். கண்ணுக்குப் படாது, காந்தத் துகள் சோதனையில் தெரியும். தண்ணீர் ஓடும் அறைகளில் துரு தின்றிருக்கிறதா என்பதை அழுத்தச் சோதனை சொல்லும். கிரைஸ்லர் எஞ்சினில் தண்ணீர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் நீளத்துக்கு ஒரு குழாய் உண்டு. அது இற்றுப்போனால் பின்பக்கச் சிலிண்டர்கள் மட்டும் கொதிக்கும். காரணம் தெரியாமல் ரேடியேட்டரை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பார்கள். தேய்ந்த சிலிண்டரை மேலும் குடைய இடமில்லாவிட்டால் லைனர் இறக்கலாம். விரிசலைத் தையல் போட்டு அடைக்கும் முறையும் உண்டு. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., மைக்கோ என்று இயந்திரத் தொழிலில் ஊறிய பெங்களூரில் இதற்கான லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: மேற்பரப்பைச் சீவும்போது எண் இருக்கும் இடத்தைத் தொடக் கூடாது. நேர்மையான கைவேலையிலும் ஜாதகம் அழிந்துபோவது இப்படித்தான்.

எஞ்சின் வந்துவிட்டால் கூடவே வர வேண்டியவையும் உண்டு. டீசல் பொருத்தியபோது வெட்டிய ஷாஸி குறுக்குச்சட்டம், எஞ்சின் தாங்கிகள், கியர்பாக்ஸ் என ஒவ்வொன்றும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். 1955-க்கு முந்தைய கிரைஸ்லர் கார்களின் மின்சாரம் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த். எஞ்சினின் விலை செலவில் ஒரு பகுதிதான்.

கடைசியாகக் காகிதம். எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. என்றோ டீசல் என்று ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய கார் மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்பினால் அந்த மாற்றமும் புத்தகத்தில் ஏற வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது, முடித்த பிறகு பத்து நடை போவதைத் தவிர்க்கும்.

அப்படியானால் எந்த எஞ்சின்? பிறந்த எஞ்சின் விரிசலோடு மூலையில் கிடந்தாலும் முதல் உரிமை அதற்கே. செலவு செய்து பிழைக்க வைக்கலாம். அது இல்லையென்றால் அதே மாடலுக்கு, கார் பிறப்பதற்குச் சற்று முன் வார்த்த பிளாக். அதுவும் இல்லையென்றால் அவசரப்படாமல், இருக்கும் எஞ்சினோடு ஓட்டிக்கொண்டே தேடலாம். அடித்து மாற்றிய எண்ணோடு ஓடும் 'அசலை' விட, டீசல் என்று ஒப்புக்கொண்டு ஓடும் டாட்ஜுக்கு மரியாதை அதிகம்.